நாற்பது பிரேம்

"ஒரு நொடிய நானூத்தெம்பது பிரேமாக் காட்டும்ணே. ஆனா கை உங்க பழைய கைதான், பாத்துக்கிடுங்க" என்றான் புதுக் கண் பொருத்தியவன். கூலிக்கு ஆள் வெட்டும் மாசாணம் சிரித்துக்கொண்டான்.

மறுநாள் காலை டீக்கடை வாசலில், அவன் வெட்ட வேண்டிய காண்ட்ராக்டரின் நீலச்சட்டை தெரிந்தது. பின்னாலிருந்து அரிவாளை ஓங்கி இறக்கினான். அது இறங்கும்போதே சட்டைக்காரன் திரும்பினான். வேறு ஆள். வாயில் கடித்த வடை. கண்ணில் பயம்கூட இன்னும் வந்து சேரவில்லை.

பழைய கண்ணாக இருந்திருந்தால் வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்திருக்கும். இப்போது கழுத்துக்கு இன்னும் நாற்பது பிரேம் மிச்சமிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைக் கெஞ்சினான். அது இறங்கிக்கொண்டே இருந்தது. தோல் பிளந்தது, நரம்பு அறுந்தது, ரத்தம் ஒவ்வொரு துளியாகக் கிளம்பியது. கண்ணையாவது மூடிவிட நினைத்தான்.

இமையும் பழைய இமைதான்.