இன்னும் கொஞ்சம் காரம்

தொம்... தொம்... தொம்.

மதிலுக்கு அந்தப் பக்கம் உலக்கைச் சத்தம். ஆளைப் பார்க்கவே வேண்டாம். கொனாடுவுக்கு அந்தக் கை தெரியும். ஒவ்வொரு அடியும் ஒன்றுபோல விழும். நடுவில் மூச்சு வாங்காது.

"இன்னிக்கும் வந்துட்டாளா சக்களத்தி!"

கொனாடு மாமியார் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முற்றத்தில் போக்குவா நின்று இடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் முக்காலியில் உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற நேரம் பார்த்து உரலுக்குள் கைவிட்டு, வாழைக்காயும் மரவள்ளியும் சேர்ந்த களியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கொனாடு உலக்கை பிடித்தால் மட்டும் "ஐயோ, என் விரலு!" என்று அலறுகிற அதே மாமியார்.

"எனக்கு விசா இல்லேன்னுட்டாங்க அத்தை," என்றாள் கொனாடு. "எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

உலக்கை நின்றது.

மாமியார் பதறிப்போனாள். போக்குவா பதறவில்லை. அதைக் கொனாடு கவனித்துக்கொண்டாள்.

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"உங்க பிள்ளை இவளைக் கட்டினது கானாவுல, இந்த டெச்சிமான்ல. அறுத்துவிட்டது ஹாம்பர்க்ல. இப்ப இருக்கறது டொரொண்டோல. ஹாம்பர்க் கோர்ட்டுக் காகிதம் மட்டும் போதாதாம். நம்ம வழக்கப்படி கட்டினது நம்ம வழக்கப்படியும் அறுந்திருக்கணுமாம். ஊருக்குள்ள ஆள் விட்டு விசாரிச்சிருக்காங்க. அறுபடலைன்னு யாரோ சொல்லியிருக்காங்க! 'முதல் பெண்டாட்டி இருக்கறப்ப நீ யாரும்மா'ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தி கேக்கறா."

"அறுபடலையா? இதே முற்றத்துல என் தம்பி இவ தோள்ல வெள்ளை மண்ணைத் தூவி, 'உன்னை விட்டோம், போ'ன்னு சொன்னானே! ஊரே பார்த்துச்சே! வந்த ஆள்கிட்ட அவன் அதைத்தான் சொன்னானாம்."

"சொல்லி என்ன? மண்ணைத் தட்டிவிட்டுட்டு சனிக்கிழமையானா இங்க வந்து உலக்கையைப் பிடிச்சா, எவன் நம்புவான்? உங்களுக்கு இவதான் 'எங்க வீட்டுப் பெண்டாட்டி'. நான் மட்டும் வெறும் கொனாடு."

"என் முழங்கால் போச்சேன்னு இடிச்சுக் கொடுக்க வர்றா. நீ வர்றியா?"

"எனக்குக் கடை இருக்கு."

கடை லாரி நிலையத்தில். சோள உருண்டை, பொரித்த மீன், கூடவே சக்களத்தி கதை. கதைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள்.

கொனாடு புருஷன் பிம்பாங்கோடு இருந்தது மூன்றே வாரம். போக்குவாவோ அவனோடு வருஷக்கணக்கில் ஹாம்பர்க் பனியில் நடந்தவள். அவன் தூக்கத்தில் என்ன உளறுவான் என்பதுகூட இவளுக்குத் தெரியும். அதை நினைத்தாலே கொனாடுவுக்குச் சோறு இறங்காது.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நீதானே சொன்னே?"

போக்குவா இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"நீயாடி?" மாமியாரின் குரல் உடைந்தது.

"வாய் தவறிடுச்சும்மா. பிம்பாங் நேத்து போன்ல கேட்டான். அவன்கிட்டயும் ஒத்துக்கிட்டேன்."

"கேட்டுக்கோங்க அத்தை! விட்டுட்டுப் போன புருஷனை நான் கட்டிக்கிட்டா இவளுக்கு வயிறு எரியுது!"

"செவ்வாய்க்கிழமை மாமாவையும் கூட்டிக்கிட்டு அக்ரா விசா ஆபீசுக்கு வர்றேன். அவங்க முன்னாடியே இன்னொரு தடவை மண்ணைத் தூவட்டும். இந்த வீட்டுக்கும் இனிமே வரலை. போதுமா?"

மாமியார் முக்காலியை விட்டு எழுந்தாள். "உன்னைப் போய் மகளா நினைச்சேனே," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய்விட்டாள்.

கொனாடுவுக்கு வயிறு குளிர்ந்தது. எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை!

போக்குவா குரலைத் தாழ்த்தினாள்.

"விசாரிக்க வந்த ஆளை நீ பார்த்தியா?"

"நான் எங்கே பார்த்தேன்? உன்கிட்டதானே வந்தான்."

"குட்டை ஆளு. பச்சைச் சட்டை. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. லாரி நிலையத்துல மீன் ரொம்ப நல்லா இருந்துச்சாம். 'இன்னும் கொஞ்சம் காரம் போடு'ன்னு கேட்டுக் கேட்டுத் தின்னானாம்."

கொனாடுவுக்கு ஆள் நினைவுக்கு வந்தான்.

பச்சைச் சட்டை. புருஷன் வெளிநாடா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டான். காரத்தை அள்ளிப் போட்டபடி அவள்தான் சொன்னாள்: 'எனக்கு எங்கய்யா புருஷன்? அவன் இன்னும் அந்தப் போக்குவாவோட புருஷன்தான். மண்ணைத் தூவினதெல்லாம் ஊர் கண்ணுக்கு!'

"அங்கேருந்து நேரா என்கிட்ட வந்தான். அதெல்லாம் இல்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். இப்ப கட்டினவளே சொல்றா, அப்புறம் என்னன்னு கேட்டுட்டுப் போயிட்டான். பிம்பாங்கோட கோபம் எனக்குத் தெரியும். நீதான்னு தெரிஞ்சா உன் தோள்லயும் மண் விழும்." போக்குவா உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அவங்க காதுல விழ வேண்டாம். உட்காரு. களி ஆறுது."

கொனாடு முக்காலியில் உட்கார்ந்தாள். கையைத் தண்ணீரில் நனைத்து உரலுக்குள் விட்டாள்.

உலக்கை மேலே போனது.