சோற்றுக்கு முன்னால் ஒரு பீடி

"வெக்கமா இல்லியாப்பா ஒங்களுக்கு?"

கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் மறைவில் பீடி வலித்துக்கொண்டிருந்த ஏசுஅடிமை திடுக்கிட்டுத் திரும்பினார். மகன் ரிஜோ நின்றான். மஸ்கட்டிலிருந்து லீவில் அன்று காலைதான் கடியப்பட்டணம் வந்து சேர்ந்திருந்தான்.

"அம்மைக்கு வாயில புத்துநோய். ஆஸ்பத்திரியில ரேடியேசன் கரண்டு வச்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா. நோயின்னு தெரிஞ்ச அண்ணைக்கே பீடிய விட்டுட்டேன்னு போன்ல சொன்னியளே?"

"விட்டதுதான் மக்கா. இப்ப சோறு திங்கதுக்கு முன்ன மட்டும் ஒண்ணு..."

"தின்னுட்டு வலிக்கவன பாத்திருக்கேன். திங்கதுக்கு முன்ன வலிக்கவன இப்பத்தான் பாக்கேன். நல்ல பழக்கம்!"

அவர் பீடியை மணலில் அணைத்துவிட்டு நடந்தார். வீட்டு வாசலில் பைப்பைத் திறந்து வாயைக் கொப்பளித்தார், ஒருமுறைக்கு இருமுறை. செய்வதையும் செய்துவிட்டு என்ன நடிப்பு! ரிஜோ செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே அம்மா வேளாங்கண்ணி மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைமீன் கறி வைத்திருந்தாள். ஆள் பாதியாகிவிட்டாள். ஆனாலும் அடுப்பை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"தின்னு மக்கா. அங்க இப்பிடி கிடைக்குமா?"

ஒரு வாய் வைத்த ரிஜோவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கறியா அது? அப்படியே கடல் தண்ணி!

"அம்மா, கறியில..."

மேசைக்கடியில் அப்பா அவன் காலை அழுத்தி மிதித்தார்.

"கறியில என்ன மக்கா?" அவள் முகம் சட்டென்று வாடியது.

"அவனுக்கு ஓட்டல் சாப்பாடு பழகிப்போச்சு ஏட்டி. நீ எனக்கு இன்னும் ரெண்டு அகப்பை ஊத்து."

ஏசுஅடிமை தட்டை வழித்துத் தின்றார். அதைப் பார்த்துப் பார்த்து, அவளும் தன் கஞ்சியை மெல்ல விழுங்கினாள்.

கை கழுவப் போன இடத்தில் ரிஜோ கேட்டான். "எப்படிப்பா அதத் தின்னிய? வாயில வைக்க முடியல்லியே!"

"கரண்டு வச்சதுல அவளுக்கு ருசி செத்துப்போச்சு மக்கா. போட்ட உப்பு தெரியாம பின்னயும் பின்னயும் போடுவா. ஒருநாளு என்னையறியாம முகத்தச் சுளிச்சிட்டேன். அடுப்ப அணைச்சிட்டுப் போய் படுத்தவ, நான் எவ்வளவு கெஞ்சியும் ஒரு வாய் கஞ்சி குடிக்கல்ல. நான் ருசிச்சுத் தின்னாத்தான் அவளுக்கு உள்ள இறங்குது."

"அதுக்குப் பீடி எதுக்கு?"

ஏசுஅடிமை அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பீடிய விட்ட பெறவு எனக்க நாக்குக்கு ருசி திரும்பி வந்துட்டு மக்கா. அதக் கொன்னுட்டுத்தான் தெனமும் சோத்துக்கு முன்ன உக்காருதேன்."