நாடாவை விட்ட ரோபோ

போட்டிக்குப் போட்டி மண்ணைக் கவ்விய மாணவர் குழுவைத் தூக்கி நிறுத்த, வாத்தியார் விடுமுறையிலும் வந்திருந்தார். தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவின் மேல் ஓட வேண்டிய ரோபோ, நாடாவை விட்டு விலகி அவர் காலடியிலேயே வந்து நின்றது.

அந்த ரோபோவைச் செய்த மாணவி போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்கு முன்பே, அவள் கண்ணெதிரிலேயே, அவளுக்கு வரவேண்டிய பரிசைத் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார் வாத்தியார்.

"அவ எழுதின புரோகிராமை அழிச்சுத் தொலைங்கடா."

"நேத்தே அழிச்சாச்சு சார்."

"அப்ப பேட்டரியைக் கழட்டு."

"அது சார்ஜுல இருக்கு சார்," என்று மாணவன் மேசைமேல் தனியாகக் கிடந்த பேட்டரியைக் காட்டினான்.

வாத்தியார் கால்களைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். ரோபோ அசையவில்லை.

கதவு திறந்தது. "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்றபடி மகன் உள்ளே வந்தான்.

ரோபோ அவரை விட்டுவிட்டு, மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.