இன்னுமா வெள்ளை?

ஓசிக் குக்கீ தின்ன வந்துவிட்டாள் அந்த அம்மாள். மூன்றாவது ஞாயிறாக.

விற்கிற வீட்டை ஞாயிறன்று பார்வைக்குத் திறந்து வைத்தால் வாங்குகிறவர்கள் நாலு பேர் வருவார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் பத்துப் பேர் வருவார்கள். கிராண்ட் ராபிட்ஸில் இருபது வருடமாக வீட்டுத் தரகு பார்க்கும் மார்லிஸுக்கு இது பழக்கம்தான். ஆனால் இவளைப் போல ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. வருகைப் பதிவில் பெயரெழுதும் இடத்தில் 'அக்கம்பக்கம்' என்று மட்டும் கிறுக்குவாள். நேரே சமையலறைக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

இன்றைக்கு அவளோடு மல்லுக்கட்ட மார்லிஸுக்கு நேரமில்லை. காலையிலேயே வீட்டை விற்கக் கொடுத்திருந்த டிர்க் போனில் கத்தியிருந்தான்.

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் கெடு. அதுக்குள்ள யாரும் விலை எழுதித் தரலைன்னா வீடு அவளுக்குப் போயிடும். டைவர்ஸ் தீர்ப்புல ஜட்ஜ் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"உங்க எக்ஸ் இங்க வந்து ஏதாவது தகராறு பண்ணுவாங்களா?"

"அவளா? அரிசோனால அக்கா வீட்டுல கெடக்கா. அங்கிருந்தே எல்லாப் பேப்பர்லயும் கம்ப்யூட்டர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பறா. அவளுக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்."

மூன்று மாத அலைச்சல். விற்காவிட்டால் மார்லிஸுக்கு ஒரு காசு கிடையாது.

நாலரை மணிக்கு ட்ரெவரும் கெல்சியும் வந்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், இரண்டாம் முறையாக வருகிறார்கள். கெல்சி சமையலறைக் கேபினட் கதவு ஒன்றை ஆசையோடு தடவிப் பார்த்தபோது மார்லிஸுக்கு உயிர் வந்தது. வாசனைக்காகக் குக்கீ மாவை ஓவனில் தள்ளிவிட்டு ஓடி வந்தாள்.

"வெள்ளை கேபினட்டுக்கு என்னைக்குமே மவுசு குறையாதும்மா. காலம் போனாலும் பழசாத் தெரியாது."

"இன்னுமா வெள்ளை?" என்றது ஸ்டூல் பக்கமிருந்து ஒரு குரல். "பல் டாக்டர் கிளினிக் மாதிரி இல்ல இருக்கு. இங்க உக்காந்தா வாயத் திறந்து காட்டணும்போலத் தோணுது."

ட்ரெவர் சிரித்துவிட்டான். மார்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அது அவங்கவங்க ரசனைங்க."

"ரசனையா? ஒரு நாள் ஸ்பகெட்டி செஞ்சு பாருங்க, சாஸ் தெறிச்சதெல்லாம் கொலை நடந்த எடம் மாதிரி தெரியும். இப்பல்லாம் ஆலிவ் பச்சை, இல்லன்னா ஓக் மரத்த அப்படியே விட்டுடறாங்க. ஏங்க, உங்க வீட்டுல என்ன கலர்?"

மார்லிஸ் போன வருடம்தான் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வண்ணம் அடித்திருந்தாள். பொய் சொல்ல வாயெடுத்தும் ஒரு நொடி தாமதமாகிவிட்டது.

"நீலம்," என்றாள்.

"பாத்தியாம்மா, விக்கிறவங்களுக்கே வேண்டாம்." அந்த அம்மாள் கெல்சியைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, மார்லிஸிடம் போகிற போக்கில், "அந்தக் குக்கீய இப்பவே எடுத்துடுங்க, அடி கருகிடும்," என்றாள்.

ஓவனில் இன்னும் நாலு நிமிடம் காட்டியது. வண்ணத்தில்தான் மூக்கை நுழைத்தாள் என்றால், சமையலிலுமா? ஓசியில் தின்கிறவளிடம் பாடம் கேட்க மார்லிஸ் தயாராக இல்லை. அசையாமல் நின்றாள்.

மூன்றாவது நிமிடம் சமையலறை முழுக்கப் புகை. புகை மணி வீடே அதிரும்படி கத்த ஆரம்பித்தது. ட்ரெவர் மனைவியின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"நாங்க யோசிச்சுச் சொல்றோங்க," என்றாள் கெல்சி. "இவ்வளவு கேபினட்டுக்கும் திரும்பப் பெயின்ட் அடிக்கறதுன்னா செலவுதான் இல்லையா?"

யோசிச்சுச் சொல்றோம் என்று போனவர்கள் திரும்பி வந்ததாக மார்லிஸின் இருபது வருடத்தில் சரித்திரமில்லை. வாசல் புல்லில் ஊன்றியிருந்த 'வீடு விற்பனைக்கு' பலகையை ஆத்திரத்தோடு பிடுங்கி வந்தாள். மணி ஐந்தாகியிருந்தது.

அந்த அம்மாள் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, கருகாத குக்கீ ஒன்றைத் தேடியெடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கெல்சி தடவிய கதவில் விரல் தடம் பதிந்திருந்தது. எழுந்து போய் அதைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

"இப்ப திருப்திதானே உங்களுக்கு?" மார்லிஸ் பலகையைச் சுவரில் சாத்தினாள். "வாங்க வக்கில்லன்னா வாயை மூடிட்டுப் போகணும். மூணு வாரமா வர்றவங்களை எல்லாம் விரட்டிட்டீங்க. என் பொழைப்பக் கெடுத்து என்னங்க கண்டீங்க?"

"மணி அஞ்சு ஆயிடுச்சா?"

"ஆச்சு. எழுந்து வெளிய வாங்க. நான் கதவப் பூட்டணும்."

அந்த அம்மாள் நிதானமாகக் குக்கீத் துணுக்கைத் தட்டிவிட்டாள். கைப்பையைத் துழாவி ஒரு சாவியை எடுத்து மேடைமேல் வைத்தாள். அது மார்லிஸ் கையிலிருந்த சாவியின் அச்சாக இருந்தது.

"நீங்க கெளம்புங்க. இந்தக் கேபினட்டுக்கு மூணு கோட்டு வெள்ளை அடிச்ச எனக்கு, என் வீட்டப் பூட்டத் தெரியாதா?"