நிரப்பாத கட்டம்

"இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷன் எங்கேயும் வேலை பார்க்காமலா இருந்திருப்பார்?"

வசுந்தரா கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் ஆசிரியர்களின் விவரம் கல்லூரி இணையதளத்தில் ஏற வேண்டும். பெயர், படிப்பு, முன் அனுபவம் என்று மூன்றே கட்டம்.

குற்றவியல் நீதி சொல்லிக்கொடுக்க ஆறு மாதம் முன்பு வந்த மீனாட்சிசுந்தரம் முதல் இரண்டையும் முத்து முத்தாக நிரப்பியிருந்தார். படிப்பு முடிந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் மூன்றாவதைத் தொடவே இல்லை. அவரை வேலைக்கு எடுத்த பிரின்சிபாலும் ஓய்வு பெற்றுப் பெங்களூர் போய்விட்டார்.

துறைத் தலைவி வசுந்தரா கையெழுத்துப் போட்டால்தான் மனிதருக்கு வேலை நிரந்தரம்.

"நேரா அவரையே கேட்டுடலாமே மேடம்?" என்றாள் இளம் விரிவுரையாளர் சாய்பிரியா.

"கேட்டா அது விசாரணை. பார்த்துக் கண்டுபிடிச்சாத்தான் ஆய்வு. இருபத்து மூணு வருஷமா சமூகவியல்ல வேற என்னத்தை நடத்தறேன் நான்?"

பத்து நாள் ஆய்வு நடந்தது. வங்காளத்துப் பவானிபூரில் இருக்கும் அந்தப் பழைய கல்லூரிக் கட்டடத்தில் தூண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் வசுந்தரா ஒரு முறையாவது நின்றாள். மாணவர்கள் கண்ணில் பட்டால் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, சரியா கேக்கலை" என்பாள்.

நோட்டில் குறிப்புகள் ஏறின. வகுப்புக்குள் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தலைகளை எண்ணுகிறார். சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருகிறார். மத்தியானச் சாப்பாடு நாலே நிமிஷம். மணி அடித்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நிற்கிறார்.

பதினோராம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது வசுந்தராவுக்கு வியர்த்துவிட்டது.

"பிரியா, இந்த ஆள் கைதியா இருந்திருக்கார்! இருபத்தாறு வருஷம்! கொலைக்கே பதினாலுன்னுதான் சொல்லுவாங்க. இவர் என்ன பண்ணினாரோ!"

"இருந்தாத்தான் என்ன மேடம்? ஒருத்தர் மேல முத்திரை குத்திட்டா சமூகம் அவரை மறுபடி வாழவே விடாதுன்னு போன வாரம் நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க? எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"அது பாடம்மா. இது டிபார்ட்மென்ட்!"

அன்று மாலையே மீனாட்சிசுந்தரத்தைத் தன் அறைக்கு வரச் சொன்னாள். பயத்தை மறைக்க இரண்டு டீக்கும் சொல்லி அனுப்பினாள். வந்தவர் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மறைக்காம சொல்லுங்க சார். இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?"

"ஜெயில்ல வெல்ஃபேர் ஆபீசர் மேடம். கைதிங்களுக்குப் படிப்பு, வீட்டுக்கு லெட்டர், வெளியே வந்தப்புறம் ஒரு வேலை, இதெல்லாம் ஏற்பாடு பண்ணிக் கொடுக்கிறது."

வசுந்தராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பத்து நாள் தூண் மறைவில் நின்றதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"பெருமைப்பட வேண்டிய வேலையாச்சே! இதைப் போய் யாராவது மறைப்பாங்களா? முதல்ல எழுதுங்க, ஆய்வுக் குழு அசந்து போயிடும்."

"வேண்டாம் மேடம்."

"எழுதலைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. வேலை போயிடும் சார்."

"தெரியும். மக இன்னும் மெடிக்கல் படிச்சிட்டிருக்கா, எனக்கு வேலை ரொம்ப அவசியம்தான். ஆனாலும் வேண்டாம்."

வசுந்தரா பவானிபூரிலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் தமிழ் ஓடிப்போய் வங்காளம் வந்துவிடும். "ஏன்னு காரணத்தைச் சொல்லுங்க!" என்று வங்காளத்தில் கத்தினாள். அவரும் வங்காளத்திலேயே பதில் சொன்னார்.

"என் ஜெயில்ல கைதியா இருந்த ஒருத்தர் இதே காலேஜ்லதான் வேலை பார்க்கறார். தினமும் நாங்க பேசுவோம், சிரிப்போம். என் பேருக்குப் பக்கத்துல ஜெயில்னு எழுதினா, இவங்களுக்குள்ள எப்படிப் பழக்கம்னு நாலு பேர் யோசிப்பாங்க. அதோட அவர் நிம்மதி போச்சு."

வசுந்தரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இங்கே யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க சார்! படிச்சவங்க இருக்கிற இடம். அதுக்கு நான் பொறுப்பு."

வாசலில் கேன்டீன் மது டீயுடன் நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருஷமாகக் கல்லூரியில் இருப்பவர். அவளுக்கு அவர் 'மதுதா', மது அண்ணன்; அவருக்கு அவள் 'தீதி', அக்கா. வசுந்தரா வகுப்புக்குக் கிளம்பினால் கைப்பையை நம்பி ஒப்படைப்பது அவரிடம்தான்.

உள்ளே வந்து, இரண்டு மண் குவளைகளையும் சிந்தாமல் மேஜையில் வைத்தார்.

"எழுதச் சொல்லுங்க தீதி. என்னால சார் வேலை போகக் கூடாது. அந்த ஆள் நான்தான்."

"அதனால என்ன மதுதா? நீங்க எப்பவும் எங்க மதுதாதான்" என்றாள் வசுந்தரா. மனசாரத்தான் சொன்னாள். சொல்லும்போதே அவள் கை, மேஜை மேல் இருந்த கைப்பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டது.

மது அதைப் பார்த்தார். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மீனாட்சிசுந்தரம் தன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதுக்காகத்தான் மேடம் காலியா விட்டேன்."