கண்டக்டருக்கு ஏற்ற பெட்டி

"ஏறி நின்னே பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, டிரைவர் கடை நடுவிலேயே ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவர் ஏறி நிற்கப் பார்த்தது முயல்கள் ஒன்றுக்கு இரண்டுக்குப் போகிற பெட்டியில்.

மனைவிக்கு மானம் போயிற்று. அன்றைக்கென்று பார்த்துச் செல்லப்பிராணிக் கடையில் நல்ல கூட்டம். மீன் வாங்க வந்தவர்கள்கூட மீனை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வந்ததிலிருந்தே கடைப் பெண்ணை அவர் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். மூலையில் வைக்கிற முக்கோணப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே போனால் திரும்ப இடமில்லை, பின்பக்கம் வெளியே தொங்கும் என்றார். கூரை போட்டதைக் காட்டினாள். யார் வருகிறார்கள் என்று தெரியாவிட்டால் முயலுக்கு உள்ளே நிம்மதி இருக்காது என்றார். உயரமானதைக் காட்டினாள். ஏணி வைத்தா ஏறும் என்று கேட்டார்.

வீடு வாங்கும்போதுகூட இந்த மனிதர் இவ்வளவு நோண்டவில்லை என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக அந்தப் பெண் எடுத்து வைத்தது அடியில் கம்பி வலை போட்ட பெட்டி. ஈரமெல்லாம் கீழே வடிந்துவிடும், கழுவுவதும் சுலபம் என்றாள்.

டிரைவரின் முகம் மாறிவிட்டது.

வீட்டில் இருப்பதும் கம்பி வலைப் பெட்டிதான். இரண்டு முயலில் பெரியதன் பெயர் கண்டக்டர். எல்லார் காலையும் இடித்துக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பது செக்கர். கொஞ்ச நாளாகக் கண்டக்டர் பெட்டியில் ஏறாமல் சோபாவுக்கு அடியில் காரியத்தை முடித்துக்கொண்டிருந்தது. திமிர் என்று நினைத்து இவர் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

கால்நடை மருத்துவர் அதைத் தூக்கிக் காட்டியபோதுதான் தெரிந்தது. உள்ளங்காலில் ரோமமெல்லாம் போய்ச் சிவந்து கிடந்தது. நாய்க்கும் பூனைக்கும் இருக்கிற மெத்தை முயலின் காலில் கிடையாதாம். அந்த ரோமம்தான் அதற்குச் செருப்பு.

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வேறு யாரும் அவருக்கு அவ்வளவு துணையாக இருக்கவும் இல்லை. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது பாதம் மரத்துப்போய்விட்டது. நடக்கிறார், ஆனால் காலுக்குக் கீழே தரை இருப்பது தெரியவில்லை. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதவரிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்? உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும், பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் பட்டும் படாமலும் சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பிறகு பகல் முழுக்க வீட்டில் அவரும் முயல்களும்தான்.

ஆரம்பத்தில் காலையில் எழுந்ததும் மனைவி அவரைக் கண்ணை மூடச் சொல்லி, அந்தப் பாதத்தில் ஹேர்பின்னால் குத்திப் பார்ப்பாள். தெரிகிறது, தெரிகிறது என்பார். ஒருநாள் அவள் குத்தாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்போதும் தெரிகிறது என்றார்.

அவள் மனம் நோகக் கூடாது என்று சொன்ன பொய். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அதோடு குத்திப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். இனி அவர் என்ன சொன்னாலும் எப்படி நம்புவது?

இப்போது கழற்றிய ஷூவை அவள் கையில் திணித்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் கிளிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையை வைத்துப் பார்த்தாலே போதுமே சார் என்று கடைப் பெண் கெஞ்சினாள்.

"கையை வச்சா எல்லாம் சுகமாத்தாம்மா இருக்கும். நின்னு பாத்தாத்தானே தெரியும்."

அலமாரியைப் பிடித்துக்கொண்டு, காலைப் பெட்டிக்குள் வைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் இறக்கினார்.

"ஐயோ!"

கடையே திரும்பிப் பார்த்தது. கிளிகள்கூட வாயை மூடிக்கொண்டன.

காலை வெடுக்கென்று எடுத்தவர், கடைப் பெண்ணைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார். ஊசியாகக் குத்துகிறது, இதிலா ஒரு வாயில்லா ஜீவனை உட்கார வைப்பது, செய்தவனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் இதில் நிற்க வைக்க வேண்டும். அந்தப் பெண் பயந்துபோய் உள்ளே ஓடினாள். அடி வழவழவென்று, வாசல் தாழ்வாக, இரண்டு முயலும் சேர்ந்து உட்கார்ந்து புல் மெல்லுகிற அகலத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிரைவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை முதலிலேயே காட்டுவதற்கென்ன என்றார்.

மனைவி அப்போதுதான் கையிலிருந்த ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

காலையில் அவள் நாடா கட்டிவிட்ட ஷூ. இறுக்கமா தளர்வா என்று அவருக்குத் தெரியாது என்பதால் தினமும் அவளே கட்டிவிடுகிற ஷூ.

ஷூவோடு அவர் பக்கத்தில் வந்தாள்.

"நிஜமாவே குத்துச்சாங்க?"

"பின்னே, பொய்யா சொல்றேன்? உயிரே போயிடுச்சு!"

சொல்லட்டும், இன்னும் சத்தமாக, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லட்டும் என்றிருந்தது அவளுக்கு.

"எந்தக் கால்ல?" என்று கேட்டாள்.

"இது ஒரு கேள்வியா? இதோ, இந்த..." என்று எரிச்சலோடு குனிந்து காட்டப்போனவர், அப்படியே நின்றுவிட்டார்.