செடித் திருடி

"கையும் களவுமா மாட்டிக்கிட்டா சார்! இவதான் திருடி!"

கான்ட்ராக்டர் நவநீதனின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

இருக்காதா பின்னே? தேவாலா பக்கம் மூடிக் கிடந்த கல்குவாரியை மறுபடி பச்சையாக்குகிறேன் என்று, சரிவு முழுக்க ஆயிரம் சில்வர் ஓக் கன்றுகளை நட்டிருந்தார். பார்வையிட அதிகாரி ஜெகதீசன் வந்த நேரத்தில், மேலே நாலு வரிசை தவிர மற்றதெல்லாம் காய்ந்த குச்சி. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று விழித்தபோதுதான், ஒரு பெண் பக்கத்தில் சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு கன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"பேரு என்ன?" என்றார் அதிகாரி.

"ஆண்டாயிங்க ஐயா. கீழ எஸ்டேட் கூலிக்காரங்க லயத்து வீட்டுல இருக்கேன்."

தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டை மூடி எட்டு மாதம். வேலையில்லாதவள் கை நீளத்தானே செய்யும் என்று அதிகாரி அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

"அரசாங்கச் செடியப் பிடுங்கி விக்கிறியா? போலீஸ்ல குடுத்தா என்ன ஆகும் தெரியுமா?"

"விக்கலீங்க ஐயா. பிடுங்கித் திரும்ப நடுறேன்."

நவநீதன் விழுந்து விழுந்து சிரித்தார். "கதையக் கேட்டீங்களா சார்! அந்தச் சாக்கக் கொட்டச் சொல்லுங்க."

கொட்டினாள். ஒரு கன்றுகூட இல்லை. எல்லாம் கிழிந்த கறுப்புப் பிளாஸ்டிக் கவர்கள்.

ஆண்டாயிக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"நர்சரிக் கவரக் கிழிக்காம அப்படியே நட்டுட்டுப் போயிட்டாங்கய்யா. வேரு எங்க போகும்? நான் எஸ்டேட் நர்சரியில இருவது வருசம் வேலை பாத்தவ. உசுரு இருக்கிற கன்னாப் பாத்து, கவரக் கிழிச்சுட்டு நடுறேன். அந்த நாலு வரிசை நான் நட்டதுதான். வேர் பிடிக்காட்டி, அடைமழைக்கு இந்த மண்ணு பூராவும் எங்க லயத்து மேலதான் வரும். புள்ளகுட்டியெல்லாம் அங்கதான் படுத்திருக்கு."

நவநீதனின் சிரிப்பு நின்றது.

அதிகாரி அவரை முறைத்தார். ஆனால், போன மாதம் ஜீப்பை விட்டு இறங்காமலே 'நடவு மிகச் சிறப்பு' என்று கையெழுத்துப் போட்டது தாம்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முறைப்பதை நிறுத்திக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

'ஆண்டாயி என்பவர், குளிர் தாக்காமல் இருக்க வேர்களுக்கு அணிவிக்கப்பட்டிருந்த பாதுகாப்பு உறைகளைத் திருடும்போது பிடிபட்டார்.'